கேமரன் மலைத் தோட்டத் திடலும் பல்கலைக்கழக விளையாட்டரங்கமும்

முன்னுரை

உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டும் ஒன்று என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் செய்தியாகும். விளையாட்டினால் பிறக்கும் உவகை ஆடுவோர்க்கு மட்டும் உரியதன்று, காண்போர்க்கும் உரியது. எனினும் மாணவர் வாழ்வைப் பற்றிய நம் எழுத்துகளில் ஆடுவோர் பெறும் இடத்தைக் காண்போர் பெறுவதில்லை. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வரும் தமிழ் மாணவர், கல்லூரி விளையாட்டு நிகழ்ச்சிகளுக்குச் செல்வதும் செல்லாதிருப்பதும் அவர்தம் கல்வியை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கல்லூரி என்னும் சொல் பெரும்பாலும் மாணவர் தங்கிப் பயிலும் உறைவிடக் கல்லூரியையே குறிக்கும். ஈண்டும் அப்பொருளிலேயே அது ஆளப்படுகிறது.

மலையும் சமநிலமும்

1885ஆம் ஆண்டில் நில அளவைப் பணிக்காக இம்மலைப் பகுதிக்கு வந்த வில்லியம் கேமரன் என்பாரின் பெயரால் இம்மலை வழங்கப்படுகிறது. 1929இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ நிறுவனமும், 1933இல் தோன்றிய பாரத் நிறுவனமும் இங்குத் தேயிலைப் பயிரை நிலைபெறச் செய்தன. மலைச்சரிவைத் திருத்திக் கொழுந்து கிள்ளும் பணிக்குத் தமிழகத்திலிருந்து வந்தோரும் அவர்தம் வழியினரும் பெருந்துணையாயினர்.

இம்மலை நகரங்களுள் ஒன்றான தானா ராத்தா என்பதன் பெயர்ப் பொருளை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலாய் மொழியில் அது சமமான நிலம் என்று பொருள்படும். ஓர் ஊருக்குப் பெயராகும் அளவிற்குச் சமநிலம் இங்கு அரிதாக இருந்தது எனலாம். முழு அளவிலான 400 மீட்டர் ஓடுதடம் அமைக்க ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் கொண்ட சமநிலம் தேவை. தேயிலைச் சரிவுகளுக்கு இடையே அத்தகைய நிலம் எளிதில் வாய்ப்பதன்று. ஆதலின், தோட்டத்துப் பிள்ளைகளுள் பலர் ஓடிப் பழகும் இடம் பள்ளியின் சிறு திடலாகவோ லயங்களுக்கு முன்னுள்ள வெளியாகவோ மட்டுமே அமைகிறது. முழு ஓடுதடத்தை அவர்கள் முதன்முதலில் காண்பது பெரும்பாலும் மலையை விட்டு இறங்கிய பின்னரே.

இதனோடு தொலைவும் சேர்ந்துகொள்கிறது. கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்ததாயினும் நெடுங்காலம் அதன் முதன்மையான வாயில் பேரா மாநிலத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து ஏறும் சாலையாகவே இருந்தது. சொந்த மாநிலத்தின் பிற மாவட்டங்களுக்குச் செல்லவும் அண்டை மாநிலத்தில் இறங்கிச் சுற்றிச் செல்ல வேண்டிய நிலை. சுங்கை கோயான் சாலை அமைந்த பின்னரே பகாங்கின் உட்பகுதியோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டது. மாநில அளவிலான போட்டி ஒன்றில் பங்குபெற இம்மலை மாணவர் கடந்த தொலைவு பிறருக்கு நேராத ஒரு தடையாகும்.

தோட்டத் திடலில் விளையாட்டு

தோட்டப்புற வாழ்வில் விளையாட்டு தனித்ததொரு துறையாக இருந்ததில்லை. அது திருநாளோடும் பள்ளியோடும் இணைந்தே வளர்ந்தது. பொங்கல், தீபாவளி நாள்களில் கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம், உறியடித்தல், சடுகுடு முதலியன நடைபெறும். காற்பந்து ஆட்டமோ தோட்டங்களுக்கிடையே உறவையும் போட்டியையும் ஒருங்கே வளர்த்தது. தமிழ்ப்பள்ளியின் ஆண்டுப் போட்டி விளையாட்டு, பெற்றோர் வேலையை முடித்துக்கொண்டோ விடுப்பு எடுத்துக்கொண்டோ வந்து காணும் ஊர் விழாவாகவே அமைந்தது.

மாணவர் தொகை 150க்குக் குறைந்த பள்ளிகள் நம் நாட்டில் குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்ட பள்ளிகள் எனப்படுகின்றன. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வகையின. தொழிலாளர் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும், தேயிலைத் தோட்டப் பணிகளில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளரே மிகுந்திருப்பதும் இதற்குக் காரணங்களாம். இத்தகைய சிறிய பள்ளியில் சிவப்பு இல்லம், நீல இல்லம் எனப் பிரித்தால் ஓர் இல்லத்திற்குக் கிடைப்போர் சிலரே. அவர்களே ஓட வேண்டும், தாண்ட வேண்டும், குண்டும் எறிய வேண்டும். விரைந்து ஓட இயலாதவன்கூட அஞ்சல் ஓட்டத்தில் ஒரு கோலைச் சுமந்தே ஆக வேண்டும். சுருங்கக் கூறின், சிறு பள்ளியில் பயிலும் மாணவர் அனைவரும் ஆட்டக்காரர். காண்போர் அவர்தம் பெற்றோரும் உற்றாருமே. முகம் அறியாத கூட்டத்தில் ஒருவராக அமர்ந்து, முகம் அறியாத ஒருவருக்காகக் கைதட்டும் பழக்கம் அங்குத் தோன்ற வாய்ப்பில்லை.

கல்லூரித் திடலில் புதியவர்

பல்கலைக்கழகத்தில் நிலைமை தலைகீழாகிறது. அங்கு ஆடுவோர் சிலர், காண்போர் பலர். உறைவிடக் கல்லூரிகள் தமக்குள் போட்டியிடும் மரபு ஆங்கிலப் பல்கலைக்கழகங்களின் வழிவந்ததாகும். ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகங்களின் படகுப் போட்டி 1829இல் முதன்முதலாக நடைபெற்றது. ஒரே கூரையின்கீழ் வாழும் மாணவர்க்கு ‘நம் கல்லூரி’ என்னும் உணர்வை ஊட்டுவது இம்மரபின் நோக்கமாகும்.

ஆயின், அவ்வுணர்வு விளையாட்டரங்கிற்கு வருவோர்க்கே வாய்க்கும். தோட்டப்புற மாணவருள் ஒரு சாரார் அறையிலேயே தங்கிவிடுவதை நாம் கண்டு வருகிறோம். இதனைச் சோம்பல் என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. படிப்பதற்காகவே அனுப்பப்பட்டோம் என்னும் கடமையுணர்வு, குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வேண்டும் என்னும் சுமை, செலவு பற்றிய அச்சம், பிற இனத்து மாணவரோடு பேசிப் பழகுவதில் உள்ள கூச்சம் ஆகியன இதற்குக் காரணங்களாகின்றன. ஆடத் தெரியாதவனுக்கு அங்கு என்ன வேலை என்னும் எண்ணமும் உண்டு. அனைவரும் ஆடிய பள்ளியிலிருந்து வந்தவர்க்கு ஆடாமல் அரங்கில் இருப்பது பொருளற்றதாகத் தோன்றுவது இயல்பே.

இதனால் நேரும் இழப்பு மனநிறைவைப் பற்றியது மட்டுமன்று. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதி மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் ஒதுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பள்ளி, மாவட்டம், மாநிலம், நாடு எனப் பங்குபெறும் நிலை உயர உயரப் புள்ளியும் உயரும். மலையிலிருந்து வருவோர்க்கு இந்த 10 விழுக்காடு எவ்வளவு கடினமானது என்பது மேற்கூறிய தொலைவினால் விளங்கும். பல்கலைக்கழகத்தில் நுழைந்த பின்னரும், அடுத்த ஆண்டும் கல்லூரியில் தங்கும் இடம் பெறுவதற்கு நடவடிக்கைகளில் பங்குபெற்றமை பல இடங்களில் கருத்தில் கொள்ளப்படுகிறது. இடம் கிடைக்காதவர் வெளியே வாடகை வீடு தேட நேரும். செலவுக்கு அஞ்சி அறையில் தங்கியவர்க்கே இறுதியில் செலவு கூடுகிறது.

அனைத்தினும் மேலானது மற்றொன்று. விளையாட்டரங்கில் அருகமர்ந்தவரே பின்னர்ப் பாடக்குழுவில் உடன் சேர்வர். நூலகத்தில் இடம் பிடித்து வைப்பர். நோயுற்ற நாளில் மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வர். அறிமுகம் என்பது அறைக்குள் தோன்றுவதன்று.

முன்னோடிகள்

படிப்பும் விளையாட்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பார்க்கு விடையாக விளங்குபவர் மருத்துவர் மணி ஜெகதீசன். மருத்துவ மாணவராக இருந்த காலத்திலேயே நாட்டிற்காக ஓடிய அவர் 1960, 1964, 1968 ஆகிய 3 ஒலிம்பிக் போட்டிகளில் பங்குபெற்றார். பறக்கும் மருத்துவர் என்பது அவருக்கு வழங்கிய சிறப்புப் பெயர். கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்ற அதே 1966ஆம் ஆண்டில், பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகியவற்றில் தங்கம் வென்றார். அதே போட்டியில் மு. இராசாமணி 400 மீட்டர் ஓட்டத்தில் வென்று, ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்ற முதல் மலேசியப் பெண்மணியானார்.

மலை வாழ்நர்க்கு ஆர்வமூட்டும் செய்தி ஒன்றும் இவ்விடத்துக் கூறத்தக்கது. ஜெகதீசன் 200 மீட்டரில் 20.92 நொடி என்னும் தேசியச் சாதனையை நிகழ்த்தியது கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில், 1968இல். அது 2017 வரை, 49 ஆண்டுகள் நிலைத்திருந்தது. உயரிய இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவதால் குறுவிரைவு ஓட்டக்காரர்க்குத் தடை குறையும். நெடுந்தொலைவு ஓடுவோர்க்கோ உயிர்வளி குறைந்து களைப்பு மிகும். ஆதலின் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் நிகழ்ந்த ஓட்டப் பதிவுகள் தனிக் குறியுடன் காட்டப்பெறுகின்றன. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. தம் பள்ளித் திடலும் அவ்வகை உயர்நிலமே என்பதை அங்குள்ள மாணவர்க்கு ஆசிரியர் எடுத்துரைக்கலாம்.

புறநானூற்றுப் பார்வையாளர்

விளையாட்டைக் காண்போர் பற்றிய பழஞ்சான்று ஒன்று நம் இலக்கியத்திலேயே உண்டு. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு செய்த மற்போரைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் புறநானூற்றில் பாடியுள்ளனர். நக்கண்ணையாரின் 85ஆம் பாடலில், அவ்வூர் கிள்ளிக்குச் சொந்த ஊரன்று. அதனால் கூடியிருந்தோர் வெற்றி பற்றி இரு வேறு கருத்தினராகின்றனர். பாடுபவளோ ஒரு பனையைச் சார்ந்து தனியே நின்று, அவன் வென்றதைத் தன் கண்ணாற் கண்டதாகக் கூறுகிறாள்.

இப்பாடல் காதல் நோக்கில் பயிலப்படுவது. எனினும், காண்பவர் சான்றாளர் என்னும் கருத்தும் இதில் அடங்கியுள்ளது. வேற்றூரில் ஆடுபவனுக்குத் தன்னை அறிந்த ஒருவர் கண்ணெதிரே இருப்பது பெருந்துணை. கேமரன் மலையிலிருந்து வந்த ஒருவர் கல்லூரிக்காக ஓடும்போது, அதே மலையிலிருந்து வந்த மற்றொருவர் அரங்கில் அமர்ந்திருப்பது அத்தகையதே. தனியே ஒதுங்கி நின்று காண்பதும் காண்பதே. அங்கிருந்து கூட்டத்திற்குள் வருவது அடுத்த படி.

ஆசிரியர் செய்யத்தக்கன

2011இல் கல்வியமைச்சு ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கையை அறிமுகப்படுத்தியது. அதனோடு விளையாட்டைக் காணும் கல்வியையும் சேர்த்தல் நலம். இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர், மாணவரைப் பிற பள்ளிகளின் போட்டிகளுக்குப் பார்வையாளராகவும் அழைத்துச் செல்லலாம். கண்டதைத் தமிழில் நேர்முக வருணனையாக எழுதச் செய்யலாம். பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளின் மூத்த மாணவர், புதியவரின் அறைக்கதவைத் தட்டி முதல் போட்டிக்கு உடன் அழைத்துச் செல்லலாம். பெற்றோர்க்கும் இது பற்றித் தெளிவுறுத்துதல் வேண்டும். போட்டிக்குச் சென்ற மாலைப்பொழுது படிப்பிற்குக் குறைந்த பொழுதன்று என்பதைப் பள்ளியே அவர்களிடம் சொல்லும்போது அச்சொல்லுக்கு மதிப்பு மிகும்.

முடிவுரை

தோட்டப்புற மாணவர் பல்கலைக்கழகத்திற்குள் நுழைவது இரு முறை நிகழ்கிறது. பெயர் பதிந்த நாளில் நிகழ்வது ஒன்று. ‘நம் கல்லூரி’ எனத் தயங்காது சொல்லும் நாளில் நிகழ்வது மற்றொன்று. முன்னதற்குத் தேர்ச்சிச் சான்றிதழ் போதும். பின்னதற்குப் பிறரோடு ஓர் அரங்கில் அமர்ந்து, வென்றாலும் தோற்றாலும் உடனிருந்து, ஒன்றாகத் திரும்பி நடக்க வேண்டும். சமநிலம் அரிதான மலையில் பிறந்தவர்க்குக் கல்லூரித் திடல் அந்த இடத்தைத் தருகிறது. அங்குச் செல்லும் வழியைக் காட்டுவது ஆசிரியராகிய நம் கடமையாகும்.