சினையா, கட்டியா?

குளத்தில் வளரும் கோய் மீனின் வயிறு பெருத்தால் சினை பிடித்திருக்கிறது என்று வளர்ப்பவர்கள் மகிழ்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். கெண்டை இனத்தைச் சேர்ந்த இந்த மீனின் வயிற்றறையில், காற்றுப்பையை ஒட்டி இருபுறமும் முட்டைப்பைகள் நீளவாக்கில் கிடக்கின்றன. சினை முற்றும்போது அவை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டலாம். ஆனால் முட்டையிடும் பருவம் கடந்த பிறகும் வயிறு வற்றாமல், ஒரு பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டே போனால் சந்தேகப்பட வேண்டும். முட்டைப்பையில் வரும் கட்டி, கோய் மீன்களில் மருத்துவர்கள் அடிக்கடி காணும் நோய்.

மற்ற உறுப்புகளில் திடீர் வளர்ச்சி தெரிந்தால் அது கோளாறு. முட்டைப்பைக்கும் விந்தகத்துக்கும் வளர்வதே வேலை. ஒவ்வொரு பருவத்திலும் அங்குள்ள கருவணுக்கள் பலமுறை பிரிந்து பெருகி, பிறகு பிரிவதை நிறுத்தி, முட்டையாகவோ விந்தணுவாகவோ முதிர்கின்றன. முதிர்ச்சி நின்று, பிரிவது மட்டும் தொடர்ந்தால் அது கட்டி. கருவணுக்களைச் சூழ்ந்து தாங்கும் திசுவிலிருந்தும் கட்டி கிளம்புவது உண்டு.

இதே வகைக் கட்டி மட்டிக்கும் வருவதுண்டு. மீனிலாவது வயிறு காட்டிக்கொடுக்கும்; மட்டியில் அதுவும் இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைச் சேற்றில் வாழும் மென்னோட்டு மட்டியில் இனப்பெருக்க உறுப்பு தனிப் பையாக இருக்காது; குடல் மடிப்புகளுக்கு இடையே கிளைவிட்டுப் பரவியிருக்கும். ஓட்டைத் திறந்து பார்த்தாலும் நோய் கண்ணுக்குப் படாது. திசுவை மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். நலமான பெண் மட்டியின் சினை அறைகளில், சுவரோரம் இளம் அணுக்களும் நடுவில் பருத்த முட்டைகளும் இருக்கும். நோயுற்ற அறையிலோ ஒரே மாதிரியான சிறிய உருண்டை அணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். அவற்றின் உட்கரு பெரிதாக இருக்கும்; பல அணுக்கள் அப்போதும் பிரிந்துகொண்டிருக்கும். நோய் முற்றிய மட்டி ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது.

மெய்ன் கரையின் சில இடங்களில் இந்தக் கட்டி மிக அதிகமாகக் காணப்பட்டதால் களைக்கொல்லிகள் மீது சந்தேகம் எழுந்தது. இன்றுவரை அது நிரூபிக்கப்படவில்லை. 1970-களில் வட அமெரிக்கப் பேரேரிகளில் கெண்டைக்கும் தங்கமீனுக்கும் பிறந்த கலப்பின மீன்களிலும் இனப்பெருக்க உறுப்புக் கட்டிகள் மிகுதியாகக் காணப்பட்டன. அங்கே நீர் மாசு ஒரு பக்கம், கலப்பினப் பிறப்பு மறுபக்கம். இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

இதே மென்னோட்டு மட்டிக்கு இன்னொரு புற்றுநோயும் வருகிறது. அது குருதியணுக்களில் தோன்றுவது. அந்தப் புற்றணுக்களே ஒரு மட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகின்றன என்பது 2015-இல் உறுதியானது. இனப்பெருக்க உறுப்புக் கட்டியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டுமே மனிதருக்குத் தொற்றியதாகச் சான்று இல்லை.

மீண்டும் குளத்துக்கு வருவோம். வயிறு புடைத்த கோய் மீனுக்கு உப்பும் மருந்தும் மாற்றி மாற்றிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் ஸ்கேன் செய்து பார்க்கலாம். மீனை மயக்கி, செவுள்களில் நீர் ஓடவிட்டபடியே கட்டியை அறுத்து எடுக்கவும் முடியும். பிழைத்து நலமாக நீந்தும் மீன்கள் உண்டு. இறந்துவிட்டால் உறைபெட்டியில் வைக்காதீர்கள். உறைந்த திசு சிதைந்து, நுண்ணோக்கியில் எதையும் சரியாகக் காட்டாது. பனிக்கட்டி மேல் வைத்து உடனே ஆய்வுக்குக் கொண்டுசெல்லுங்கள். நம் நீர்நிலைகளின் நலத்தை அறிய அந்த ஒரு துண்டுத் திசுவும் உதவும்.