பள்ளிக்குப் பின்: அமெரிக்க மாற்றுத்திறன் மாணவர் நிலைமாற்றத் திட்டத்தில் ‘தற்சார்பு’ என்னும் கருத்து

ஆய்வுச்சுருக்கம்
அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாற்றுத்திறன் மாணவர்கள் பள்ளியிலிருந்து வயதுவந்தோர் வாழ்வுக்குச் செல்லத் திட்டமிடுதல் பள்ளியின் சட்டக் கடமையாகும். பல பண்பாட்டுப் பின்னணியுடைய இளையோருக்கு அத்திட்டம் பயன்பட வேண்டுமெனில், தற்சார்பு என்பதன் பொருளை முன்னரே முடிவு செய்துவிடலாகாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாற்றுத்திறனாளர், நிலைமாற்றம், தற்சார்பு, பண்பாடு

முன்னுரை
மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கட்டணமில்லாப் பொதுக்கல்வியை உறுதிசெய்த அமெரிக்கச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. 1990ஆம் ஆண்டுத் திருத்தம் நிலைமாற்றச் சேவைகளை அதில் சேர்த்தது. பள்ளிப்பருவத்தில் கல்வி ஓர் உரிமை. பள்ளி முடிந்தபின் பெறும் உதவிகளோ பெரும்பாலும் தகுதியை மெய்ப்பித்து, காத்திருந்து பெறத்தக்கவை. இவ்விடைவெளியில் இளையோர் கைவிடப்படாதிருக்கவே திட்டமிடல் தேவைப்படுகிறது.

சட்டத்தின் அமைப்பு
2004ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாணவர் 16 வயதை எட்டும்போது அவரது தனிநபர் கல்வித் திட்டத்தில் அளவிடத்தக்க எதிர்கால இலக்குகள் இடம்பெற வேண்டும். பயிற்சி, கல்வி, வேலைவாய்ப்பு ஆகியன அவ்விலக்குகளுக்குரிய துறைகள். தற்சார்பு வாழ்வுத் திறன்களோ ‘பொருத்தமான இடத்து’ மட்டுமே சேர்க்கப்படுகின்றன. மாணவரின் வலிமைகள், விருப்பங்கள், ஆர்வங்கள் ஆகியவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்றும், இவ்விலக்குகளைப் பற்றிய கூட்டத்திற்கு அவரையும் அழைக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. 2014ஆம் ஆண்டுத் தொழிலாளர் மேம்பாட்டுச் சட்டம், தொழில்சார் மறுவாழ்வுக்கான கூட்டரசு நிதியில் குறைந்தது 15 விழுக்காட்டை மாணவர்களின் வேலைக்கு முந்தைய சேவைகளுக்கென ஒதுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது.

பண்பாடும் இலக்கும்
தனி வீடு, தனி வங்கிக்கணக்கு, தனித்த முடிவு ஆகியவற்றை வளர்ச்சியின் அடையாளங்களாகக் கொள்வது அமெரிக்கப் பெரும்பான்மை மரபு. புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் வயதுவந்த மகளோ மகனோ பெற்றோருடன் வாழ்வது இயல்பு, அது தோல்வியன்று. அறிவுசார் குறைபாடுடைய ஒரு பெண்ணுக்கு ‘தனியே வசித்தல்’ என்னும் இலக்கை ஆசிரியர் எழுதுவதாகக் கொள்வோம். ஆசிரியரை மறுத்துப் பேசலாகாது என்று பெற்றோர் அமைதி காப்பர். அவ்வமைதி உடன்பாடாகக் கொள்ளப்படும். கூட்டத்திற்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யச் சட்டம் வகைசெய்கிறது. எனினும், மொழிபெயர்ப்பு சொற்களைக் கடத்துமேயன்றி, இலக்கின் அடியிலுள்ள விழுமியத்தை விளக்குவதில்லை. குடும்பத்தொழிலில் பங்கேற்றல், பேருந்தில் தானே சென்றுவருதல், பாட்டிக்கு உணவு சமைத்தல் ஆகியனவும் அளவிடத்தக்க இலக்குகளே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குடும்பத்தின் விருப்பம் இளையோரின் விருப்பமாகவே இருக்கும் என்று கொள்ளுதலும் பிழையாகும். தனித்து வாழ விழையும் பெண்ணின் குரலைப் பண்பாட்டின் பெயரால் அடக்குவது, அவருக்குச் சட்டம் அளித்த இடத்தைப் பறிப்பதாகும்.

முடிவுரை
‘பொருத்தமான இடத்து’ என்னும் தொடர் சட்டம் விட்டுவைத்த இடைவெளி. பொருத்தம் எது என்பதைப் பள்ளி மட்டுமோ பெற்றோர் மட்டுமோ முடிவு செய்தல் முறையன்று. இலக்கை எழுதும் முன்னர், யாருடன் வாழ விரும்புகிறார், எவற்றைத் தானே செய்ய விரும்புகிறார், எவற்றில் யாருடைய துணையை ஏற்பார் என மாணவரைக் கேட்டறிந்து, அதன்பின் குடும்பத்தோடு உரையாடுவதே நிலைமாற்றத் திட்டத்தின் முதற்படியாகும்.