ஜின்செங் வேர்: புற்றுநோயில் எதுவரை உதவும்?

புற்றுநோயைக் கரைக்கும் கொரிய வேர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. மீதி வியாபாரம்.

அவித்தால் வேறு வேர்

தென்கொரியாவின் கும்சான் வட்டாரத்தில் நிழற்பந்தலுக்கு அடியில் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் வளர்த்த பிறகுதான் இந்த வேரைத் தோண்டுகிறார்கள். தோலோடு நீராவியில் அவித்துக் காயவைத்தால் செம்பழுப்பு நிறம் ஏறும். அதுதான் சிவப்பு ஜின்செங். மாறுவது நிறம் மட்டுமல்ல. வேரின் மருத்துவக் குணத்துக்குக் காரணமான ஜின்செனோசைடுகள் சூட்டில் உடைந்து, பச்சை வேரில் இல்லையென்றே சொல்லத்தக்க ஆர்ஜி3 போன்றவை உருவாகின்றன. புற்றுநோய் ஆய்வாளர்கள் அதிகம் தேடிப் போவது இவற்றைத்தான்.

ஆய்வகத்திலும் உடம்பிலும்

கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் புதிய நாளங்கள் முளைப்பதை ஆர்ஜி3 தடுக்கிறது. இன்னொரு ஜின்செனோசைடான ஆர்எச்2 புற்றணுக்களைத் தாமாகவே மடியத் தூண்டுகிறது. இவையெல்லாம் ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டவை. சீனாவில் கீமோதெரபியோடு ஆர்ஜி3 கேப்ஸ்யூலும் தருகிறார்கள். ஆனால் விழுங்கிய ஜின்செனோசைடில் மிகச் சிறு பங்கே ரத்தத்தில் சேர்கிறது. குடல் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து 'காம்பவுண்ட் கே' ஆக்கினால் உறிஞ்சுவது எளிது. அந்தப் பாக்டீரியாக்களோ ஆளுக்கு ஆள் மாறும்.

கொரியாவின் கங்வா பகுதியில் 40 வயது தாண்டிய 4,634 பேரை 1987 முதல் சில ஆண்டுகள் கவனித்ததில், ஜின்செங் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் குறைவாக இருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் வேர் வாங்கிச் சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பேணுகிறவராக இருக்கலாமே!

சோர்வுக்கு

கைக்கு எட்டிய பலன் இங்கேதான். அமெரிக்காவில் மேயோ கிளினிக் தலைமையில் 364 நோயாளிகளிடம் நடந்து, 2013இல் வெளியான ஆய்வில், ஒரு பாதியினருக்குக் கொரிய வேரின் உறவினமான அமெரிக்க ஜின்செங் பொடி தினமும் 2,000 மி.கி., மறுபாதியினருக்கு மருந்தில்லாத மாத்திரை. நான்கு வாரத்தில் பெரிய வித்தியாசமில்லை. எட்டு வாரத்தில் ஜின்செங் எடுத்தவர்களின் சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. சிகிச்சையில் இருந்தவர்களுக்கே கூடுதல் பலன். கட்டி சுருங்குகிறதா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை.

மருந்தோடு மோதினால்

ரத்தப் புற்றுநோய்க்குப் பல ஆண்டுகள் இமாடினிப் சாப்பிட்டும் தொல்லையில்லாமல் இருந்த ஓர் இளைஞர், ஜின்செங் கலந்த பானத்தைத் தொடர்ந்து குடித்ததும் கல்லீரல் பாதிப்புக்கு ஆளானது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேலையை அமெரிக்க ஜின்செங் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நம்மூர்க் கடைகளில் 'இந்திய ஜின்செங்' என்று விற்பது அமுக்கரா. கத்தரிக் குடும்பத்துச் செடி. அதில் ஜின்செனோசைடு கிடையாது. மேலே சொன்ன எதையும் அந்த டப்பாவுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.