முதலில் வந்து சேரும் காவலர்

தலைநகர் தில்லியை ஒட்டியுள்ள நொய்டாவில், 2008 மே 16 காலையில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி தன் படுக்கையறையில் கொலையுண்டு கிடப்பது தெரியவந்தது. வீட்டுப் பணியாளரைக் காணவில்லை. எனவே, கொன்றவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று காவல் துறை முடிவு கட்டியது. மொட்டைமாடிக்குச் செல்லும் கதவு பூட்டியிருந்தது. ரத்தக் கறையும் காணப்பட்டது. ஆனாலும், அக்கதவை அன்று யாரும் உடைத்துத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தபோது, எங்கெங்கோ தேடப்பட்டுக்கொண்டிருந்த அந்தப் பணியாளரின் சடலம் மாடியில் கிடந்தது. இதற்கிடையே உறவினர், அண்டை வீட்டார், செய்தியாளர் எனப் பலரும் அந்த வீட்டுக்குள் வந்து போய்விட்டனர்.

சிறுமியின் பெற்றோர் குற்றவாளிகள் என்று 2013-இல் விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல் அலாகாபாத் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மாநிலக் காவல் துறையும், அதன் பிறகு சிபிஐயின் இரு குழுக்களும் விசாரித்த வழக்கு அது. முதல் நாளில் கைநழுவியவற்றை அவர்களில் யாராலும் மீட்க முடியவில்லை.

குற்றப் புலனாய்வு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் ஆய்வாளரும் தடயவியல் நிபுணரும்தான். ஆனால், அவர்கள் இருவருமே தாமதமாக வருபவர்கள். அவசர அழைப்பு வந்ததும் முதலில் போய்ச் சேருபவர் ரோந்து வாகனத்தில் இருக்கும் தலைமைக் காவலராகவோ, இரவுப் பணியிலிருக்கும் இரண்டாம் நிலைக் காவலராகவோதான் இருப்பார். புலனாய்வின் மிக முக்கியமான அரை மணி நேரம், துறையின் கடைசிப் படிநிலையில் உள்ள ஒருவரின் கையில் இருக்கிறது. அவருக்கு நாம் தரும் பயிற்சியும் கருவிகளும் அந்தப் பொறுப்புக்கு ஈடாக இல்லை என்பதே கவலைக்குரியது.

பிரான்சின் லியோன் நகரில் 1910-இல் தடயவியல் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கிய எட்மண்ட் லோக்கார்ட் வகுத்த கோட்பாடு, இத்துறையின் அரிச்சுவடி. இரு பொருள்கள் தொட்டுக்கொள்ளும்போது, ஒவ்வொன்றும் மற்றதில் தன் சுவடை விட்டுச் செல்லும் என்பதே அது. குற்றவாளிக்குப் பொருந்தும் இந்த விதி காவலருக்கும் பொருந்தும் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகின்றனர். அவரது காலணி, விரல், தலைமுடி அனைத்தும் அங்கே எதையாவது விட்டுச் செல்கின்றன. எதையாவது எடுத்தும் செல்கின்றன.

அப்படியானால் முதலில் வருபவர் என்ன செய்ய வேண்டும்? அவரது முதல் கடமை தடயம் அல்ல, உயிர். விழுந்து கிடப்பவருக்கு மூச்சிருந்தால், எந்தத் தடயம் அழிந்தாலும் அவரைக் காப்பாற்றியாக வேண்டும். தாக்கியவர் இன்னும் அங்கேயே இருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால், உயிரைக் காக்கும் பணியில் எதை நகர்த்த நேர்ந்தது, ஆம்புலன்ஸ் ஊழியர்கள் எந்த வழியாக வந்தார்கள், எந்தத் துணியை வெட்டினார்கள் என்பதைக் குறித்துவைத்தால், பின்னர் எழும் ஐயங்களில் பாதி தீர்ந்துவிடும்.

அடுத்தது எல்லை வகுத்தல். பெரும்பாலும் சடலம் கிடக்கும் இடத்தைச் சுற்றி மட்டுமே கயிறு கட்டப்படுகிறது. குற்றவாளி அங்கே வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒரு வழியாக வந்து, ஒரு வழியாகத் தப்பியிருக்கிறார். வாசற்படி, மாடிப்படி, பின்கட்டு, கொல்லைப்புறச் சுவர், தெருமுனை வரை எல்லை நீள வேண்டும். பெரிதாக வகுத்த எல்லையைப் பிறகு குறுக்கலாம். சிறிதாக வகுத்ததை விரித்துப் பயனில்லை, அதற்குள் கூட்டம் மிதித்திருக்கும். உள்ளே போகவும் வரவும் ஒரே பாதையை ஒதுக்கிவிட்டு, வாசலில் நிற்பவர் உள்ளே சென்ற ஒவ்வொருவரின் பெயரையும் நேரத்தையும் எழுதிவர வேண்டும்.

சொல்வது எளிது. உள்ளே வர முனைபவர் மாவட்ட உயர் அதிகாரியாகவோ, சட்டப்பேரவை உறுப்பினராகவோ இருந்தால், ஒரு காவலர் என்ன செய்வார்? சல்யூட் அடித்து வழிவிடுவார். குற்ற நிகழ்விடத்தை அதிகம் மிதிப்பவர்கள் வேடிக்கை பார்க்க வரும் பொதுமக்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். 'மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை' என்று நாளிதழ்களில் பல காலமாகப் படித்துவருகிறோம். ஐம்பது பேர் நடந்து முடித்த தரையில் மோப்பம் பிடிக்கச் சொன்னால் அந்த நாய்தான் என்ன செய்யும்?

தொடாமல் இருப்பதும் ஒரு திறமையே. மின்விசிறியைப் போடக் கூடாது; விளக்கை அணைக்கக் கூடாது; அங்குள்ள கழிப்பறையையோ குழாயையோ பயன்படுத்தக் கூடாது. பரிவால் செய்யும் செயல்கூட வழக்கைக் குலைத்துவிடலாம். லாஸ் ஏஞ்சலஸில் 1994-இல் நடந்த இரட்டைக் கொலையில், வெளியே கிடந்த பெண்ணின் உடலை, வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த போர்வையால் காவல் துறையினர் மூடினர். வீட்டிலிருந்த முடியும் நூலும் அந்தப் போர்வை வழியே உடலுக்கு வந்திருக்கலாமே என்ற கேள்வி, அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்சன் மீதான விசாரணையில் எதிர்த்தரப்புக்கு ஆயுதமாயிற்று. அவர் விடுவிக்கப்பட்டார்.

சில தடயங்கள் நிபுணருக்காகக் காத்திருப்பதில்லை. அறையில் வீசிய மண்ணெண்ணெய் வாடை, அடுப்பில் இன்னும் ஆறாத பாத்திரம், உள்ளே தாழிட்டிருந்ததா சும்மா சாத்தியிருந்ததா என்ற கதவின் நிலை போன்றவற்றை முதலில் வந்தவர் மட்டுமே அறிவார். அவர் உடனே எழுதாவிட்டால் அவை எங்கும் பதிவாவதில்லை. மழை வருமென்றால், திறந்தவெளியில் பதிந்த காலடித் தடத்தைக் கவிழ்த்த பாத்திரத்தால் மூடிக் காப்பது அவர் வேலைதான். எதிர்க்கடையின் கண்காணிப்புக் கேமராப் பதிவு சில நாள்களில் தானாகவே அழிந்துவிடும் என்பதை நினைவில் கொள்வதும் அப்படியே. நேரில் கண்டவர்களைத் தனித்தனியே உட்காரவைப்பதும் அவசியம். கூடிப் பேசினால் நான்கு நினைவுகள் கலந்து ஒரே கதையாகிவிடும்.

இவை அனைத்தையும்விடக் கடினமானது, முடிவுக்கு வராமல் இருப்பது. 'தூக்கு மாட்டிக்கொண்டாராம்' என்று குடும்பத்தார் சொல்லும் ஒரு வாக்கியத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால், அந்த அறை குற்ற நிகழ்விடமாகவே கருதப்படாது. கயிறு அவிழ்க்கப்படும், தரை கழுவப்படும். திருமணமாகி ஏழாண்டுகளுக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கிறது. ஆனால், அவர் வருவதற்குள் அந்த வீடு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? இறந்தது உறுதியான பிறகு முடிச்சை அவிழ்க்காமல் விட்டுவைப்பதும், இறக்கியே ஆக வேண்டுமென்றால் முடிச்சுக்கு அப்பால் வெட்டுவதும், சந்தேக மரணங்களில் உண்மையை வெளிக்கொணரும் சிறு செயல்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நிகழ்விடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது. அந்தப் பணியைக் காணொலியாகப் பதிவுசெய்யவும் சொல்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். எனினும், இப்பிரிவு நடைமுறைக்கு வரும் நாளை அறிவிக்க மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது. மேலும், நிபுணர் வரும் வரை அந்த இடத்தைக் காத்து நிற்பவர் பற்றி அப்பிரிவு பேசவில்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து நிபுணர் ஒரு மலைக்கிராமத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதை யோசித்தால், அந்த இடைவெளி விளங்கும். காணொலிப் பதிவுக்குக் காவலரின் சொந்தக் கைப்பேசி பயன்படுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. சாட்சியமாக வேண்டிய படம், மாலைக்குள் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வந்துவிடுகிறது.

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஒருவரை, உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. மரபணு மாதிரிகள் கையாளப்பட்ட விதத்தில் இருந்த குறைபாடுகளை அத்தீர்ப்பு விரிவாகச் சுட்டிக்காட்டியது. மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தைச் சென்றடைய வேண்டும், அவை யார் யார் கைக்கு மாறின என்பதற்குத் தொடர்ச்சியான பதிவேடு வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. ஒருவர் தூக்குக் கயிற்றின் நிழலில் ஆண்டுகளைக் கழித்தார். கொல்லப்பட்ட இருவரின் குடும்பங்களுக்கும் விடை இல்லை. தடயத்தைப் பேணத் தவறினால் இரு தரப்புமே இழக்கிறது.

நிகழ்விடம் காத்த தடயங்களால் துலங்கிய வழக்கும் நம் மண்ணிலேயே உண்டு. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம், இருளும் பீதியும் நிறைந்த திறந்த மைதானம். அங்கே இறந்து கிடந்த புகைப்படக்காரரின் கேமரா சேதமின்றிக் கைப்பற்றப்பட்டது. அதிலிருந்த படச்சுருள்தான் மாலையேந்தி நின்ற பெண்ணை அடையாளம் காட்டியது. சிதறிய துணித் துண்டுகளையும் கம்பிகளையும் சேர்த்துத்தான், வெடிகுண்டு இடுப்புப் பட்டையில் இருந்தது என்பதைத் தமிழகத் தடய அறிவியல் நிபுணர்கள் நிறுவினர்.

ஒவ்வொரு ரோந்து வாகனத்திலும் நீளமான எல்லை நாடா, கையுறை, காலணி உறை, காகிதப் பைகள், ஒரு பதிவேடு ஆகியவற்றை வைக்கப் பெரும் செலவாகாது. ஆண்டுக்கு இரு நாள் செய்முறைப் பயிற்சியும் அப்படியே. கூடவே ஓர் உத்தரவும் தேவை: வாசலில் நிற்கும் காவலரின் பதிவேட்டில் கையெழுத்திடாமல், எந்தப் பதவியில் இருப்பவரும் உள்ளே செல்லக் கூடாது. இந்த உத்தரவை உயர் அதிகாரிகள்தான் முதலில் கடைப்பிடிக்க வேண்டியிருக்கும்.