குழந்தையின் உச்சிக்குழி: பயம் வேண்டாம், கவனம் வேண்டும்

"ஐயா, புள்ளையோட உச்சி துடிக்குதுங்க. ஏதாச்சும் ஆகிருமா?" லயத்துப் பக்கம் போகும்போது புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

தாய்மாரே, துடிப்பது நோய் அல்ல. பிறந்த குழந்தையின் மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல, பல எலும்புத் தகடுகள் சேர்ந்தது. அவை சந்திக்கும் இடத்தில் உள்ள மெத்தென்ற இடைவெளிதான் உச்சிக்குழி. பிரசவ நேரத்தில் இந்தத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறிக்கொள்வதால்தான் தலை சுலபமாக வெளியே வருகிறது. பிறகு மூளை வேகமாக வளரவும் இந்த இடைவெளி இடம் கொடுக்கிறது. உள்ளே ஓடும் இரத்தத்தின் துடிப்பே மேலே தெரிகிறது.

பின்பக்கத்துச் சிறிய குழி 2, 3 மாதத்தில் மூடிவிடும். முன்பக்கத்துப் பெரிய குழி பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள் மூடும். சில பிள்ளைகளுக்கு 2 வயது வரையும் போகும்.

குழியின் மேல் கெட்டியான சவ்வு இருக்கிறது. ஆகவே தலை கழுவ, மெதுவாகத் தொடப் பயப்பட வேண்டாம். ஆனால் அழுத்தித் தேய்ப்பதும், தலையை உருண்டையாக்குவதாகச் சொல்லிப் பிடித்துவிடுவதும் கூடாது.

இலேசான பள்ளம் சாதாரணமானது. நன்றாகக் குழிந்து போனால்தான் ஆபத்து. சில வருடங்களுக்கு முன் ஒரு லயத்தில் நான்கு மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். "உச்சி விழுந்துருச்சு" என்று அம்மாயி பத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போனபோது பிள்ளை பால் குடிக்கவில்லை, அழவும் தெம்பில்லை. கிடைத்த லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை மிஞ்சியிருக்காது.

உச்சி விழுந்தது பத்துப் போடாததால் அல்ல, உடம்பில் நீர் குறைந்ததால். பத்து அதைச் சரிசெய்யாது. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், அடிக்கடி கொடுங்கள். உச்சி குழிந்து, வாய் காய்ந்து, மூத்திரம் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜீவனி கரைத்துக் கொடுப்பதை மிட்வைப் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குழந்தை அழும்போது உச்சி புடைப்பது வழக்கம். அழாமல் நிமிர்த்திப் பிடித்திருக்கும்போதும் புடைத்தே இருந்தால், அதோடு காய்ச்சல், வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம் இருந்தால், அது மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். தலையில் அடிபட்ட பிறகு புடைத்தாலும் அவசரம்தான். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

கிளினிக் நாளில் பேர் போகுமே என்று பார்க்காமல் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு நாள் பேரைப் பிறகு உழைத்துக்கொள்ளலாம். பிள்ளையை அப்படித் திரும்பப் பெற முடியாது.