ஒன்றா, வரிசையா, எல்லாமா? பின்பால் இயந்திரத்தின் மின்கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

கல்யாணப் பந்தியில் ஒருவர் இலைக்கு மட்டும் சாம்பார் வரவில்லை என்றால், பரிமாறுகிறவர் அவரைத் தாண்டிப் போய்விட்டார். ஒரு வரிசைக்கே வரவில்லை என்றால், அந்த வரிசைக்கான வாளி இன்னும் வரவில்லை. பந்தி மொத்தமும் காத்திருக்கிறது என்றால், சமையற்கூடத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது. இலை முன்னால் உட்கார்ந்தபடியே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். வீட்டில் இருக்கும் பின்பால் இயந்திரம் மக்கர் செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: கெட்டது ஒன்றா, ஒரு வரிசையா, எல்லாமா? இதற்கு விடை சொல்லாமல் உதிரிபாகம் வாங்கப் போகக் கூடாது.

சாய்ந்த மேசை, எஃகுக் குண்டு, குண்டைத் திருப்பி அடிக்க இரண்டு ஃபிளிப்பர்கள். வெளியிலிருந்து பார்த்தால் பின்பால் இவ்வளவுதான். உள்ளே எப்படி என்று பார்க்க ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பாட் லாலரும் லாரி டிமாரும் வடிவமைக்க, 1992இல் சிகாகோவிலிருந்து ‘பாலி’ என்ற பெயரில் வெளிவந்தது. 20,270 இயந்திரங்கள் விற்றன. இன்று வீடுகளில் இருக்கும் பழைய இயந்திரங்களில் பலவும் இதே காலத்தவை, இதே அமைப்பு கொண்டவை.

பல அடுப்புகள்

கல்யாணச் சமையற்கூடத்தில் எல்லா அடுப்பும் ஒரே தீயில் எரிவதில்லை. அண்டாவுக்குப் பெரிய பர்னர், தாளிக்கச் சின்ன அடுப்பு. பின்பாலிலும் அப்படித்தான். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பல அளவுகளாகப் பிரிக்கிறது. கணினிப் பலகைக்கு 5 வோல்ட், சுவிட்சுகளுக்கு 12, கணினி ஏற்றி அணைக்கும் விளக்குகளுக்கு 18, மேசைக்குப் பொதுவெளிச்சம் தரும் பல்புகளுக்கு 6.3, குண்டை உதைக்கும் காயில்களுக்கு 50. இந்த 50 என்பது பெயரளவுதான். மீட்டரை வைத்தால் 70 வரைகூடக் காட்டும்.

ஒவ்வொரு வழிக்கும் தனி ஃபியூஸ் உண்டு. ஒரே அளவு மின்சாரத்தில் ஓடும் பாகங்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் நின்றால் முதலில் அந்த ஃபியூஸைப் பாருங்கள். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். கழற்றி மீட்டரில் சோதியுங்கள். போன ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் அளவுள்ளதை மட்டுமே போடுங்கள். பெரியதைப் போட்டால் அடுத்த முறை எரிவது ஃபியூஸாக இருக்காது, பலகையாக இருக்கும்.

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். மின்சாரம் இருக்கும்போதே அளந்தாக வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள். மோதிரம், கடிகாரம் வேண்டாம்.

கொதி வந்ததும் தணிப்பது

பருப்பு வேகப் பெரிய தீ வேண்டும். கொதி வந்ததும் தணித்துவிட வேண்டும், இல்லையென்றால் அடிப்பிடிக்கும். ஃபிளிப்பர் காயில் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. ஒரே காயிலுக்குள் இரண்டு சுற்றுகள். தடித்த கம்பிச் சுற்றின் மின்தடை சுமார் 4 ஓம்; 50 வோல்ட்டில் 12 ஆம்பியருக்கு மேல் இழுத்து ஃபிளிப்பரை ஒரே உதையில் தூக்கும். மெல்லிய கம்பிச் சுற்றின் தடை 100 ஓமுக்கு மேல்; அரை ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தில், தூக்கிய ஃபிளிப்பரை அப்படியே தாங்கி நிற்கும். பெரிய தீயை எப்போது தணிக்க வேண்டும் என்று சொல்வது, மேசைக்கு அடியில், ஃபிளிப்பரின் வீச்சு முடியும் முனையில் இயங்கும் ஒரு சின்ன சுவிட்ச்.

இது தெரிந்தால் அறிகுறியே பாதி வைத்தியம். பொத்தானைப் பிடித்திருக்கும்போது ஃபிளிப்பர் படபடவென்று ஏறி இறங்கினால், தாங்கும் மெல்லிய சுற்று அறுந்திருக்கலாம். ஃபிளிப்பர் சோர்ந்து அசைந்தால், தூக்கும் தடித்த சுற்றுக்கு மின்சாரம் சரியாகப் போகவில்லை. பழைய இயந்திரங்களில் அந்த முனை சுவிட்ச் வழியாகவே முழு மின்சாரமும் ஓடும். அது கரி பிடித்தால் உதை பலவீனமாகும்; திறக்காமல் ஒட்டிக்கொண்டால் காயில் கருகும். ஆடம்ஸ் ஃபேமிலியில் ஃபிளிப்பர்கள் கணினியின் கைக்குப் போய்விட்டன. முனை சுவிட்ச் தகவல் மட்டும் சொல்கிறது. அதனால்தான் இந்த இயந்திரம் சில நேரம் தானே ஃபிளிப்பரை அடித்துக் காட்டுகிறது.

திருகு மூடவில்லை

காஸ் குழாயில் காஸ் எப்போதும் வந்து நிற்கும். திருகைத் திறந்தால்தான் அடுப்பு எரியும். காயில்களுக்கும் மின்சாரம் எப்போதும் வந்து நிற்கிறது. கணினி சொல்லும்போது ஒரு டிரான்சிஸ்டர் தரைக்கு வழி திறந்துவிடுகிறது, காயில் இழுக்கிறது. அந்த டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் திருகை மூட முடியாது. இயந்திரத்தை ஆன் செய்த உடனே ஒரு காயில் இழுத்துப் பிடித்துக்கொண்டு சூடாகும், கருகல் வாடை வரும், ஃபியூஸ் போகும். அப்படி நடந்தால் யோசிக்காமல் அணையுங்கள்.

பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரை டயோடு சோதனையில் வையுங்கள். டிஐபி 102 வகை டிரான்சிஸ்டரின் உலோக முதுகில் கறுப்பு முனை, இரண்டு ஓரக் கால்களிலும் மாற்றி மாற்றிச் சிவப்பு முனை. 0.4 முதல் 0.6 வரை காட்டினால் நலம். பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் போய்விட்டது. புதியதைப் போட்டதும் ஆன் செய்ய அவசரப்படாதீர்கள். காயிலின் ஓமையும், அதன் குறுக்கே இருக்கும் டயோடையும் அளந்துவிடுங்கள். காயில் நிற்கும்போது திரும்பி வரும் மின்வீச்சை அந்த டயோடுதான் வாங்கிக்கொள்கிறது. அது உடைந்திருந்தாலோ, காயில் உள்ளுக்குள் கருகி 2 ஓமுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ புது டிரான்சிஸ்டரும் அதே நிமிடத்தில் போகும்.

பந்தி வரிசை

எட்டு வரிசை, ஒவ்வொன்றிலும் எட்டு இலை என்று பந்தி போட்டால், ‘மூன்றாம் வரிசை, ஐந்தாம் இலை’ என்று 64 இலைகளில் எதையும் சுட்டிவிடலாம். மேசையில் இருக்கும் சுவிட்சுகளைக் கணினி இப்படித்தான் கேட்கிறது. எட்டு நெடுக்குக் கம்பிகள், எட்டு குறுக்குக் கம்பிகள். 64 கம்பிகளின் வேலை 16இல் முடிகிறது. இந்தத் தலைமுறை இயந்திரங்களில் நெடுக்குக் கம்பிகள் பச்சை, குறுக்குக் கம்பிகள் வெள்ளை. ஒவ்வொன்றிலும் ஓடும் வேறு நிறக் கோடு அது எத்தனையாவது என்று சொல்லும்.

காசுக் கதவுக்குள் இருக்கும் பொத்தான்களால் சோதனைப் பட்டியலுக்குள் போய், ஒவ்வொரு சுவிட்சாக விரலால் அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் பேசவில்லை என்றால் கோளாறு அந்த சுவிட்சிலோ, அதன் டயோடிலோ, சால்டரிலோ. ஒரு நெடுக்கோ ஒரு குறுக்கோ முழுதாகப் பேசவில்லை என்றால் அந்தக் கம்பியின் தலைப்பில்: கனெக்டரில், அல்லது பலகையில் இருக்கும் சிப்பில். பாதி வரிசை பேசி மீதி பேசவில்லை என்றால் கம்பி நடுவில் அறுந்திருக்கிறது, ஏனென்றால் அது ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவித்தான் போகிறது. வாளி எந்த இலையோடு நின்றதோ, அங்கே தேடுங்கள்.

அழுத்தாத சுவிட்ச் அழுத்தியதாகக் காட்டுவதும் உண்டு. சோற்றில் அணை உடைந்தால் ரசம் இலையைத் தாண்டி ஓடும். சுவிட்சுகளில் அந்த அணை டயோடு. மின்சாரம் ஒரு திசையில் மட்டும் போக அது காவல். அது ஷார்ட் ஆனால், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் சுவிட்சுகள் மூடும்போது நான்காவது மூலையும் மூடியதாகக் கணினி நம்பிவிடும்.

இயந்திரமே கொஞ்சம் உதவி செய்யும். பல ஆட்டங்களாகக் குண்டு ஒரு சுவிட்சைத் தொடவே இல்லை என்றால், திரையில் கிரெடிட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக் காட்டும்.

மொத்தப் பந்தியும் நின்றால்

இரண்டு ஃபிளிப்பரையும் சேர்த்து அழுத்தினால் ஆட்டம் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதா? ஒரே சிலிண்டரில் இரண்டு பெரிய பர்னரைத் திறந்தால் சின்ன அடுப்பு அணைந்துபோகும். ஃபிளிப்பர்கள் பெருமின்சாரம் இழுக்கும் கணத்தில் டிரான்ஸ்ஃபார்மர் தளர்கிறது, 5 வோல்ட் கொஞ்சம் சரிகிறது, கணினி தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்கிறது. ஃபிளிப்பரை அழுத்தியபடி 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். 4.9க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் முப்பது வருடம் உழைத்த 15,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அதற்கு முன்னால் இருக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், இரண்டுக்கும் நடுவே உள்ள கனெக்டர்கள் ஆகியவை சந்தேகத்துக்குரியவை.

பொதுவெளிச்சம் ஐந்து சரங்களாகப் போகிறது. ஒரு சரம் அணைந்து அதன் ஃபியூஸ் நன்றாக இருந்தால், பலகையில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறிக் கருகியிருப்பது இங்கே சாதாரணம். பின்னையும் கனெக்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி கருகும்.

இன்னும் எதுவும் கெடாத இயந்திரத்திலும் இன்றே பார்க்க வேண்டியது, கணினிப் பலகையில் இருக்கும் மூன்று ஏஏ பேட்டரிகள். உயர்ந்த ஸ்கோர்களையும் அமைப்புகளையும் நினைவில் வைப்பவை இவை. கசிந்தால் அந்தக் காரம் பலகையின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். முடிந்தால் கம்பி நீட்டிப் பலகைக்கு வெளியே கீழே வையுங்கள்.

இந்த இயந்திரத்தைச் செய்த நிறுவனம் 1999இல் பின்பால் தொழிலையே விட்டுவிட்டது. அன்றிலிருந்து இவற்றை வாழவைப்பவர்கள், மீட்டரும் கையேடும் வைத்துக்கொண்டு பொறுமையாகத் தேடும் உரிமையாளர்கள்தான். எத்தனை கெட்டது என்று முதலில் எண்ணுங்கள், பிறகு அளந்து பாருங்கள், கடைசியில்தான் சால்டரிங் அயர்னைச் சூடாக்குங்கள். இந்த வரிசையில் போனால் ஒரு நல்ல பலகையைத் தவறான இடத்தில் சூடுவைத்துக் கெடுக்க மாட்டீர்கள்.