அமிலம் வரைந்த தெரு

புகைப்படக் கருவி இல்லாத காலத்தில் ஒரு நகரத்தின் பல்லக்குத் தூக்கிகளையும் கூலிக்காரர்களையும் நாம் எப்படிப் பார்ப்பது? பழைய அச்சுப்படங்களில்தான்!

பெல்ஜிய ஓவியர் சால்வின்ஸ் 1791-ல் கல்கத்தா வந்து, உழைக்கும் மக்களை வரைந்தார். 1799-ல் 250 படங்கள் வெளியாயின.

இத்தகைய படத்தை எப்படி அச்சிட்டார்கள் தெரியுமா? செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி வரைவார்கள். தகட்டை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இட்டால் கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும், மெழுகைத் தொடாது. நேரம் கூடினால் பள்ளம் ஆழமாகும், கோடு கறுக்கும். பிறகு மெழுகை நீக்கி, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்துவார்கள். படம் இடவலம் மாறி விழும். ஆகவே பழைய படத்தில் ஒருவர் இடக்கையால் வேலை செய்தால் உடனே நம்பிவிடாதீர்கள்!

வேறு ஏமாற்றமும் உண்டு. லண்டனில் எட்வர்டு ஆர்ம் என்பவர் சால்வின்ஸின் 60 படங்களை அழகுபடுத்தி, பளிச்சென்று வண்ணமிட்டு விற்றார், அவை பிரபலமாயின. சால்வின்ஸ் பாரிசில் 1808 முதல் 1812 வரை 288 படங்களுடன் வெளியிட்ட நான்கு தொகுதிகளோ நஷ்டத்தில் முடிந்தன. ஆனால் வரலாற்று ஆய்வாளர்கள் இன்று தேடிப் பார்ப்பது சால்வின்ஸின் மூலப் படங்களைத்தான்.